முழு மனதோடும் தேவனிடத்தில் அன்புகூரப் பழகுதல்: பிலிப்பியர் நிருபத்தோடு நான்கு வாரம்

பிரதான கற்பனை (கட்டளை) எது என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதிலில் முழு இருதயமும் இருக்கிறது, முழு ஆத்துமாவும் இருக்கிறது, முழு மனதும் இருக்கிறது (மத்தேயு 22:37). இருதயத்தால் நேசிக்கப் பாடலும் ஆராதனையும் வழிகாட்டுகின்றன. மனதால் நேசிப்பது எப்படி என்று கேட்டால் "வேதம் வாசியுங்கள்" என்பதோடு பதில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எப்படி வாசிப்பது, வாசித்ததை என்ன செய்வது, மனம் அலைந்தால் என்ன செய்வது, பதில் தெரியாத கேள்வி வந்தால் எங்கே போவது என்றெல்லாம் பலருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறோம்.

பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய கடிதமே பிலிப்பியர் நிருபம். அதில் அவர் அவர்களுக்காகச் செய்த ஜெபத்திலிருந்து தொடங்கலாம். "உங்கள் அன்பானது அறிவிலும் எல்லா உணர்விலும் இன்னும் அதிகமதிகமாய்ப் பெருகவும்" என்று வேண்டுகிறார் (பிலிப்பியர் 1:9). அவருக்கு அன்பும் அறிவும் இரண்டு துறைகளாகத் தெரியவில்லை. அன்பு பெருகவேண்டிய இடமாகவே அறிவைக் காட்டுகிறார். ஒருவர்மேல் அன்பு இருந்தால் அவர் பேசும்போது கவனிப்போம். அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று திரும்பக் கேட்போம். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக ஊரெல்லாம் பரப்பமாட்டோம். தேவனிடத்தில் மனதால் அன்புகூருவதும் இதுவே: அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்பது, கேட்டதன்படி யோசிக்கவும் தீர்மானிக்கவும் பழகுவது.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" (நீதிமொழிகள் 3:5) என்று வேதமே சொல்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். சாய வேண்டாம் என்றுதான் அந்த வசனம் சொல்கிறது, புத்தியைக் கழற்றிவைக்கச் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே "என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்" (4:7) என்று வருகிறது. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது இன்னும் தெளிவு: "நான் சொல்லுகிறவைகளைச் சிந்தித்துக்கொள், கர்த்தர் எல்லாக் காரியங்களிலும் உனக்குப் புத்தியைத் தந்தருளுவார்" (2 தீமோத்தேயு 2:7). சிந்திப்பது நம் வேலை, புத்தி தருவது அவர் வேலை. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதற்காக மட்டும் காத்திருப்பவர்கள் ஏராளம்.

ஏன் பிலிப்பியர்?

மொத்தம் 4 அதிகாரம், 104 வசனம். நிதானமாகச் சத்தமாய் வாசித்தால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் முடிந்துவிடும். முழுப் புத்தகத்தையும் ஒரே அமர்வில் மனதில் வைத்துக்கொள்ள முடிகிற அளவு. அதோடு, சிந்தையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிற நிருபம் இது: ஏகசிந்தை (2:2), கிறிஸ்துவின் சிந்தை (2:5), பூமிக்கடுத்தவைகளைச் சிந்திக்கிறவர்கள் (3:19), ஒரே சிந்தையாயிருக்கும்படி இரண்டு பெண்களுக்குப் புத்தி (4:2), சிந்தைகளைக் காக்கும் தேவசமாதானம் (4:7), எவைகளைச் சிந்திக்கவேண்டும் என்ற பட்டியல் (4:8).

வேதம் முழுவதையும் ஒரு வருடத்தில் முடிக்கும் திட்டம் நல்லதுதான். 1,189 அதிகாரத்தை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் யோசிக்கப் பழகாதவர் அந்த வேகத்தில் போனால் கண் ஓடும், மனம் ஓடாது. முதலில் ஒரு சிறிய புத்தகத்தில் நின்று பழகுங்கள். பழகிய பிறகு பெரிய ஓட்டம் பலன் தரும்.

தயார் செய்துகொள்ளவேண்டியவை

வேதாகமம், ஒரு நோட்டு, பென்சில், 30 நிமிடம். பக்க ஓரங்களில் விளக்கக் குறிப்பு இல்லாத வேதாகமமாக இருந்தால் நல்லது. குறிப்பு இருந்தால் கண் தானாகவே அங்கே போய்விடும், பிறகு நீங்கள் யோசிக்கமாட்டீர்கள், வேறொருவர் யோசித்ததை ஏற்றுக்கொள்வீர்கள். வேறொரு மொழிபெயர்ப்பும் பக்கத்தில் இருக்கட்டும். பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கிறவர்களுக்கு, இக்காலத் தமிழில் உள்ள பொது மொழிபெயர்ப்பு உதவும். பொது மொழிபெயர்ப்பில் வாசிக்கிறவர்களுக்குப் பழையது உதவும்.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அமைதிப் பயன்முறை போதாது. அது மேசையில் இருக்கும்வரை மனதின் ஒரு பகுதி அதற்குக் காவல் நிற்கும். கைபேசியில்தான் வேதம் வாசிக்கிறீர்கள் என்றால், இந்த நான்கு வாரத்துக்காவது அச்சுப் புத்தகத்துக்கு மாறுங்கள். மேசையில் நிமிர்ந்து உட்காருங்கள். படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்தால் இரண்டாவது பத்தியில் தூக்கம் வரும். அதை ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்து வருந்தவேண்டாம். உடல் படுத்தால் தூங்கும், அவ்வளவுதான்.

நோட்டில் இடப்பக்கத்தில் வசனம் என்ன சொல்கிறது என்பதை எழுதுங்கள். வலப்பக்கத்தில் உங்கள் கேள்விகள். கடைசிப் பத்துப் பக்கங்களை நீண்ட நாள் கேள்விகளுக்கென்று ஒதுக்கிவையுங்கள். அது எதற்கென்று பிறகு தெரியும்.

முதல் வாரம்: முழு நிருபமும், தினமும்

ஏழு நாளும் நிருபத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசியுங்கள். இது ஒரு கடிதம். ஆதி சபைகளில் கடிதங்கள் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டன (கொலோசெயர் 4:16). அதிகாரப் பிரிவுகள் மிகப் பிற்காலத்தில் வந்தவை, அவற்றில் நிற்கவேண்டாம்.

ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டு வாசியுங்கள். முதல் நாள்: யாரெல்லாம் பெயரோடு வருகிறார்கள்? தீமோத்தேயு, எப்பாப்பிரோதீத்து, எயோதியாள், சிந்திகேயாள், கிலேமெந்து. ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன சொல்லப்பட்டிருக்கிறது? இரண்டாம் நாள்: எழுதுகிறவர் எங்கே, என்ன நிலையில் இருக்கிறார்? அவருடைய சிறைக் கட்டுகளைப் பற்றிய வரிகள் முதல் அதிகாரத்தில் கிடைக்கும். மூன்றாம் நாள்: எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன? நான்காம் நாள்: என்னென்ன கட்டளைகள்? ஐந்தாம் நாள்: ஆதலால், ஆகையால், ஏனெனில் போன்ற இணைப்புச் சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள். ஆறாம் நாள்: கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவை மட்டும். ஏழாம் நாள் எதையும் தேடாமல், பிலிப்பி சபையில் உட்கார்ந்து கேட்கிறவரைப்போல் கேளுங்கள்.

ஐந்தாம் நாள் வேலையைத் தவறவிடாதீர்கள். பலரும் வசனங்களைத் தனித்தனி வாக்கியங்களாகவே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். இணைப்புச் சொற்களைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் பவுல் வாதிக்கிறார், காரணம் காட்டுகிறார், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறார் என்பது தெரியவரும். 2:9 "ஆதலால்" என்று தொடங்குகிறது. தேவன் அவரை உயர்த்தினதற்குக் காரணம் முந்தின வசனங்களில், அவர் தம்மைத் தாழ்த்தினதில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை விட்டால் பகுதியின் முதுகெலும்பே போய்விடும்.

மூன்றாவது நாள் அளவில் சலிப்பு வரும். "இதுதான் எனக்குத் தெரியுமே" என்று மனம் சொல்லும். சலிப்பு வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டாவது அதிகாரத்தின் பின்பாதியில் என்ன இருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சொல்ல வராது. (எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டதும், அவனைப் பவுல் திருப்பி அனுப்புவதும் அங்கே இருக்கின்றன.) கேட்டுப் பழகியதற்கும் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரம் அப்போது புரியும், மறுநாள் வாசிப்பு கூர்மையாகும்.

இரண்டாம் வாரம்: ஒரு பத்தி, ஒரு நாள்

இப்போது வேகத்தைக் குறைத்து, ஒரு நாளுக்கு ஆறு முதல் பதினைந்து வசனம்வரை உள்ள ஒரு பகுதியை எடுங்கள். ஏழு நாளில் முழு நிருபத்தையும் முடிக்கத் தேவையில்லை. 1:3-11, 1:12-26, 2:1-11, 2:12-18, 3:4-14, 4:4-9, 4:10-20 என்ற ஏழு பகுதிகளும் போதும். சில பகுதிகள் நீளம். அவற்றில் பாதியோடு நிறுத்தினாலும் குற்றமில்லை.

வேலை ஒன்றுதான். பகுதியை வாசித்துவிட்டு, அதை உங்கள் சொந்தத் தமிழில் ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். நிபந்தனை: கிருபை, மகிமை, இரட்சிப்பு, நீதி, ஆசீர்வாதம் போன்ற சபைச் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். இது எளிதாகத் தெரியும், ஆனால் மிகவும் கடினம். "கிறிஸ்துவினால் வருகிற நீதியின் கனிகள்" என்பதை எழுத முயலும்போது கை நின்றுவிடும். கை நிற்கிற இடமே இதுவரை யோசிக்காமல் கடந்துபோன இடம். அதை வலப்பக்கத்தில் கேள்வியாக எழுதுங்கள். நோட்டில் கேள்விகள் நிறைவது தோல்வி அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஒரு பகுதியை மாதிரிக்குப் பார்ப்போம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (4:13). தேர்வுக்கும், வேலைக்கும், போட்டிக்கும் இந்த வசனத்தை அறிக்கை செய்கிறார்கள். 4:10-லிருந்து வாசித்துப் பாருங்கள். சபை பணம் அனுப்பியிருக்கிறது, பவுல் அதற்கு நன்றி சொல்கிறார். ஆனால் அது வராமல் இருந்தாலும் தான் உடைந்துபோயிருக்கமாட்டேன் என்கிறார். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தெரியும் என்கிறார் (4:12). "எல்லாவற்றையும்" என்பது இந்தப் பட்டியலைத்தான் குறிக்கிறது. ஆகவே நினைத்ததையெல்லாம் சாதிப்பேன் என்று வசனம் சொல்லவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நிலைகுலையாமல் இருக்கக் கிறிஸ்து பெலன் தருகிறார் என்று சொல்கிறது. தேர்வில் தோற்றவனுக்கும் இந்த வசனம் உரியது; தோற்றவனுக்கே அதிகமாய் உரியது. பழைய பொருளோடு வைத்திருந்தவர் தோற்ற நாளில் வசனம் பொய்த்துவிட்டது என்று நினைப்பார். விசுவாசம் உடைவதற்கு இப்படித் தவறாகக் கேட்ட வாக்குத்தத்தங்கள் ஒரு பெரிய காரணம். கவனமாக வாசிப்பதை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

நல்ல முடிவை வாக்களிக்கும் எரேமியா 29:11-ஐயும் இதேபோல் 29:10-ஓடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. கேட்டவர்களில் பலர் அதைத் தங்கள் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள்.

சொந்தமாக எழுதி முடித்த பிறகுதான் விளக்கவுரையைத் திறக்கவேண்டும். முன்பே திறந்தால் மற்றவர் கண்ட பதில் கிடைக்கும், உங்கள் கேள்வி பிறக்காது. கேள்வியோடு போனால் விளக்கவுரையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும். பின்னணி தெரிந்தால் சில வரிகள் திறந்துகொள்ளும். பிலிப்பி ரோமர் குடியேறின பட்டணம் என்று அப்போஸ்தலர் 16:12 சொல்கிறது. ரோமக் குடியுரிமையைப் பெருமையாக நினைத்த ஊருக்குத்தான் "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" (3:20) என்று பவுல் எழுதுகிறார். அதே 16-ம் அதிகாரத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வருகிறார்கள். பவுலைச் சங்கிலியில் பார்த்த ஊருக்கு, பவுல் சங்கிலியிலிருந்து சந்தோஷமாயிருங்கள் என்று எழுதுகிறார்.

அறிந்ததை ஜெபமாக்குதல்

இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் படிப்பு. ஒவ்வொரு நாளும் கடைசி ஐந்து நிமிடம் நோட்டைப் பார்த்துக்கொண்டே ஜெபியுங்கள். இடப்பக்கத்தில் "அவர் தம்மை வெறுமையாக்கினார்" என்று எழுதியிருந்தால், "ஆண்டவரே, நீர் உம்மை வெறுமையாக்கினீர்" என்று அவரிடமே சொல்லுங்கள். வலப்பக்கத்துக் கேள்வியையும் அப்படியே அவரிடம் கேளுங்கள்: "இது எனக்குப் புரியவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்?" அவரைப் பற்றி யோசிப்பதிலிருந்து அவரோடு சேர்ந்து யோசிப்பதற்கு மாறுகிற இடம் இது.

சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்தீன் தம் அறிக்கைகள் என்ற நூலை முழுக்கவும் தேவனை நோக்கிப் பேசுவதாகவே எழுதினார். காலம் என்பது என்ன என்ற மிகக் கடினமான கேள்வியைக்கூட 11-ம் புத்தகத்தில் ஜெபத்துக்குள் வைத்தே அலசுகிறார். 11-ம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற இறையியலர் தேவன் இருப்பதைப் பற்றிய தம் புகழ்பெற்ற வாதத்தையும் ஜெபமாகத்தான் எழுதினார். கூர்மையாக யோசிக்கவேண்டுமானால் ஜெபத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று இவர்கள் நினைக்கவில்லை.

பவுல் சொன்ன "ஆவியோடும் விண்ணப்பம்பண்ணுவேன், கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன்" (1 கொரிந்தியர் 14:15) என்பதையும் இங்கே பழகலாம். ஒரு நாள் ஜெபத்தில், பழகிப்போன சொற்றொடர்கள் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் ஜெபிக்க முயலுங்கள். ஜெபம் பாதியாகக் குறையும். மீந்த பாதி நீங்கள் உண்மையில் சொல்ல நினைத்தது.

மூன்றாம் வாரம்: மனப்பாடம், அலையும் மனம்

2:5-11 ஏழு வசனம், ஒரு நாளுக்கு ஒன்று. தனித்தனி வசனங்களைப் பொறுக்கி மனப்பாடம் செய்வதைவிட ஒரு பகுதியை முழுமையாகச் செய்வது நல்லது. முன்னும் பின்னும் உள்ள கருத்தே ஒவ்வொரு வரியையும் பிடித்துவைக்கும். இந்தப் பகுதி 8-ம் வசனம்வரை இறங்குகிறது: தேவனுடைய ரூபம், அடிமையின் ரூபம், மரணம், சிலுவை. 9-லிருந்து ஏறுகிறது. இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் பிடித்துக்கொண்டால் வரிகள் தானாக வரும்.

செய்யும் முறை: வசனத்தைப் பொருளின்படி துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டையும் சத்தமாக ஐந்து தடவை சொல்லி, பார்க்காமல் எழுதுங்கள். தவறிய சொல்லைச் சுற்றி வட்டமிடுங்கள். அடுத்த நாள் புதிய வசனத்தைத் தொடுமுன் பழையவை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஏழும் முடிந்தபின் மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்துச் சொல்லிப்பாருங்கள். இந்த மறுபார்வை இல்லாததால்தான் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கின வசனங்கள் மறந்துபோயின. ஞாபகசக்திக் குறைவு காரணமல்ல.

மனப்பாடம் ஆனதும் அது வேலை செய்யத் தொடங்கும் இடம் மேசை அல்ல. வரிசையில் நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது, தூக்கம் வராத இரவில் அதை மெல்லச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லில் அழுத்தம் வைத்து நில்லுங்கள். தியானம் என்று சங்கீதம் 1 சொல்வது இதற்கு மிக நெருக்கமானது.

மனம் அலையும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். கட்டவேண்டிய கட்டணம் ஞாபகம் வந்தால் ஒரு வார்த்தையில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். குறித்துவிட்டால் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. வந்தது வேலையல்ல, கவலை என்றால் குறிப்பு போதாது. அங்கே 4:6-ஐச் செய்யுங்கள்: கவலையின் பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு, அதிலேயே ஒன்றுக்காவது ஸ்தோத்திரம் சொல்லி, வசனத்துக்குத் திரும்புங்கள். அலைந்ததற்காக உங்களைத் திட்டிக்கொள்வதும் இன்னொரு அலைச்சல்தான். பத்துத் தடவை அலைந்து பத்துத் தடவை திரும்பினால், பத்துத் தடவை தேவனிடம் திரும்பியிருக்கிறீர்கள்.

நான்காம் வாரம்: மனதுக்குள் வருவதைச் சோதித்தல்

காலையில் 30 நிமிடம் வேதம், பகல் முழுவதும் கண்டதெல்லாம் என்றால் மனம் எதன்படி உருவாகும்? 4:8-ஐ ஒரு தாளில் எழுதுங்கள்: உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, நீதியுள்ளவை, கற்புள்ளவை, அன்புள்ளவை, நற்கீர்த்தியுள்ளவை. தினமும் இரவில், அன்று அதிக நேரம் மனதைப் பிடித்த மூன்று விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றையும் இந்த ஆறோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு நாள் எதையும் மாற்றவேண்டாம், உண்மையாக எழுதினால் போதும். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றைக் குறைத்து, அந்த நேரத்துக்கு வேறொன்றை வையுங்கள். வெறுமனே குறைத்தால் அந்த இடம் பழையதாலேயே திரும்ப நிரம்பும்.

பட்டியலில் முதலில் நிற்பது உண்மை. விசுவாசிகள் கூடும் குழுக்களில் பரவும் செய்திகளைப் பார்க்கும்போது இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஊரும் தேதியும் இல்லாத அற்புதச் செய்தி, வேறொரு மதத்தாரைப் பற்றிய பயமுறுத்தும் காணொளி, யாரோ ஒரு விஞ்ஞானி வேதத்தை நிரூபித்துவிட்டார் என்ற கதை. நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் பொய் பொய்யே. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனைக்கு விசுவாசத்தைப் பரப்பும் செய்தி விதிவிலக்கு அல்ல. அனுப்புமுன் மூன்று கேள்வி: இதை முதலில் சொன்னது யார்? எங்கே, எப்போது நடந்தது? இது என்னைப் பற்றிய செய்தியாக இருந்தால் சோதிக்காமல் பரப்பியதை ஏற்பேனா? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அனுப்பாதீர்கள். தேவன் சத்தியமுள்ளவர், அவருடைய நாமத்துக்குப் பொய்யின் துணை வேண்டியதில்லை.

பிரசங்கத்தையும் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். பெரோயா பட்டணத்தாரைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: வசனத்தை மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள், பிறகு காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). வாஞ்சை இல்லாமல் ஆராய்ந்தால் குற்றம் தேடுகிறவராவீர்கள். ஆராயாமல் வாஞ்சித்தால் யார் எதைச் சொன்னாலும் நம்புவீர்கள். ஞாயிறன்று நோட்டில் மூன்று வரி போதும்: எந்தப் பகுதி, முக்கியமாகச் சொன்னது என்ன, அது பகுதியில் எங்கே இருக்கிறது. மூன்றாவது வரிக்குப் பதில் கிடைக்காவிட்டால் வாரநாளில் அந்தப் பகுதியை முழுமையாக வாசித்து, போதகரிடம் தனியாக, மரியாதையோடு கேளுங்கள். சபையில் மற்றவர்களிடம் பேசுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.

பதில் தெரியாத கேள்விகள்

நோட்டின் கடைசிப் பக்கங்கள் இதற்காகத்தான். சந்தேகத்தை உள்ளே அமுக்கிவைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும். எழுதினால் அதற்கு ஒரு எல்லை வரும். "எனக்கு விசுவாசமே இல்லை" என்று எழுதாமல், எது இடறுகிறதோ அதைத் துல்லியமாக ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அது எந்த வகை என்று பாருங்கள்.

சில தகவல் பற்றியவை. உதாரணத்துக்கு, இயேசுவின் சிலுவைமேல் எழுதி வைத்த மேல்விலாசம் (குற்றத்தைச் சொல்லும் எழுத்து) நான்கு சுவிசேஷங்களிலும் நான்கு விதமாக இருக்கிறது. நான்கு பத்தி போட்டு எழுதுங்கள் (மத்தேயு 27:37, மாற்கு 15:26, லூக்கா 23:38, யோவான் 19:19). யூதருடைய ராஜா என்பது நான்கிலும் இருக்கிறது, பெயரும் ஊரும்தான் கூடிக் குறைகின்றன. எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது என்று யோவான் 19:20 சொல்கிறது. ஒவ்வொருவரும் சாராம்சத்தைத் தம் முறையில் தந்திருக்கிறார்கள் என்பது இப்படி அடுக்கிப் பார்க்கும்போது புரியும். இவ்வகைக் கேள்விகளுக்கு உழைப்பும் நல்ல நூல்களும் போதும்.

சில கேள்விகள் காயத்திலிருந்து வருபவை. "ஜெபித்தும் ஏன் என் பிள்ளை இறந்தது" என்பதற்கு விளக்கவுரை பதில் சொல்லாது. அங்கே சங்கீதம் 73-ஐயும் ஆபகூக்கையும் யோபுவையும் திறந்து, அவர்கள் பயன்படுத்திய வார்த்தைகளாலேயே தேவனிடம் முறையிடுங்கள். யோபுவின் முடிவில், தேவனுக்காக வாதாடி எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த சிநேகிதர்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. நிதானமாய்ப் பேசியவன் என்று அவர் சொன்னது யோபுவைத்தான் (42:7). இப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால் வாதம் பண்ணாதீர்கள், உடனிருங்கள்.

மூன்றாம் வகை, கீழ்ப்படிய விருப்பமில்லாததால் எழும் கேள்வி. மன்னிக்க மனமில்லாதபோது மன்னிப்பைப் பற்றிய வசனங்களில் திடீரென்று நிறையச் சிக்கல் தெரியும். இது எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

எதையும் நள்ளிரவில் தீர்மானிக்கவேண்டாம். களைத்த மனதுக்கு எல்லாமே முடிந்துபோனதாகத் தெரியும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்று சொன்னவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

அறிவு இறுமாப்பாக மாறும்போது

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" (1 கொரிந்தியர் 8:1). இதன் அறிகுறிகள் சீக்கிரமே தெரியும். மற்றவர் ஜெபிக்கும்போது அவர் வசனத்தைத் தவறாகச் சொன்னது மட்டும் உங்கள் காதில் விழுகிறது. கற்றுக்கொண்டதை முதலில் யாரிடம் காட்டலாம் என்று தோன்றுகிறது. எளிய விசுவாசியின் சாட்சி சலிப்பூட்டுகிறது. நோட்டில் கேள்விகள் குறைந்து தீர்ப்புகள் கூடுகின்றன.

படிப்பை நிறுத்துவது இதற்கு மருந்தல்ல. எஸ்றா வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், பிறகு உபதேசிக்கவும் தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தினான் (எஸ்றா 7:10). நடுவில் உள்ளதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போகும்போதே கெட்டுப்போகிறது. ஆகவே ஒவ்வொரு நாள் குறிப்பின் அடியிலும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று யாருக்கு, என்ன செய்வேன்? பெயரும் செயலும் இருக்கவேண்டும். "எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. "மாமியாரை மருத்துவரிடம் நானே அழைத்துப்போவேன்" என்று எழுதினால் நடக்கும். கிறிஸ்துவின் சிந்தையைப் பற்றி 2:5-ல் பவுல் பேசத் தொடங்குவது, பிறருக்கானவைகளையும் நோக்கும்படி 2:4-ல் சொன்ன கையோடுதான்.

படிப்பு, வேலை, உலகம்

மனதோடு அன்புகூருவது வேதத்தைத் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் நடப்பதல்ல. "கர்த்தரின் செய்கைகள் பெரியவைகளும், அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது" (சங்கீதம் 111:2). 1874-ல் கேம்பிரிட்ஜில் திறக்கப்பட்ட கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தின் வாசற்கதவில் இந்த வசனம் லத்தீனில் செதுக்கப்பட்டது. அணுவைப் பிளப்பதோ கணக்கைச் சரிபார்ப்பதோ, நேர்மையாகவும் முழுக்கவனத்தோடும் செய்தால் அதுவும் அவருக்குரியது. வேலையில் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தையாவது குறுக்கீடின்றி, அவருக்கென்றே செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்து பாருங்கள் (கொலோசெயர் 3:23).

நேரமோ பலமோ இல்லாதவர்களுக்கு

"முழு மனது" என்றால் உங்களிடம் இருக்கிற மனது முழுவதும் என்றுதான் பொருள். வேறொருவருடைய மனதின் அளவு உங்களிடம் கேட்கப்படவில்லை. கைக்குழந்தையோடு இருக்கிற தாய்க்கு 30 நிமிடம் கிடைக்காது. ஒரு வசனத்தை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி, ஒரு வாரம் அதையே யோசிக்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கினவர்களும் ஒலி வேதாகமத்தில் ஒரே அதிகாரத்தை ஏழு நாள் கேட்கலாம். முதல் வாரத்துத் தேடல்கள் எல்லாம் காதுக்கும் பொருந்தும். மனச்சோர்வு நோயால் எதிலும் கவனம் நிற்காதவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்தத் திட்டத்தைச் செய்ய முடியாததைப் பாவமாக எண்ணாதீர்கள். பழைய மனப்பாட வசனம் ஒன்றை இன்னொருவர் அருகிலிருந்து சொல்லக் கேட்டாலும் போதும். முதுமையில் மறதி வந்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தார் இதைச் செய்யலாம்.

நான்கு வாரத்துக்குப் பிறகு

பிலிப்பியரை விட்டுவிட்டு அடுத்த நாளே புதிய புத்தகம் தொடங்காமல், ஒரு வாரம் நோட்டைத் திரும்ப வாசியுங்கள். பதில் கிடைத்த கேள்விகளைத் தேதியோடு அடித்துவிடுங்கள். கிடைக்காதவற்றைக் கடைசிப் பக்கங்களுக்கு மாற்றுங்கள். பிறகு யாக்கோபு (5 அதிகாரம்), அதன்பின் மாற்கு (16 அதிகாரம்). மாற்கில் முதல் வாரத்து முழுவாசிப்பைத் தினமும் செய்ய முடியாது. ஞாயிறு தோறும் ஒரே அமர்வில் முழுவதும், மற்ற நாட்களில் பகுதி பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது உபாகமம். நேசிக்கச் சொன்ன கற்பனை முதலில் எழுதப்பட்ட இடம் அது (6:5). அதை இரண்டு பேராவது சேர்ந்து வாசியுங்கள். வாரம் ஒருமுறை சந்தித்து, அவரவர் வலப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வியை மட்டும் மேசையில் வைத்தால் ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும்.